வாசகர் கேள்வி – பதில்: மருத்துவக் கல்லூரி விண்ணப்பமும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும்

அமெரிக்காவில் பட்டப் படிப்பை முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகும் மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் அண்மையில் வந்த கேள்விகளில் பெரும்பகுதி, பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெறுவது பற்றியே இருந்தது. முன்பு பிளஸ் டூ மதிப்பெண், 2017 முதல் நீட் மதிப்பெண் என்று தரவரிசைப் பட்டியலை வைத்தே எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துப் பழகிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, ஆசிரியர் எழுதும் ஒரு கடிதம் மாணவரின் சேர்க்கையில் எடை பெறும் என்பதே புதிய செய்தி. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகன் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறான். ஒவ்வொரு வகுப்பிலும் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். மதிப்பெண் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் எந்தப் பேராசிரியருக்கும் தன் முகமே தெரியாது என்கிறான். பரிந்துரைக் கடிதத்துக்கான முயற்சியை எப்போது தொடங்க வேண்டும்? (ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: இரண்டாம் ஆண்டிலேயே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. கடிதம் எழுதப்படுவது மூன்றாம் ஆண்டின் இறுதியிலோ அதற்குப் பிறகோதான். ஆனால் அதில் எழுதுவதற்கு வேண்டிய விஷயம் இப்போதிருந்தே சேர வேண்டும். எம்.டி. பட்டம் (அமெரிக்காவில் இதுவே முதல் மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவை, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்தும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப முறையின் வழியாகவே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. கடிதங்கள் பற்றிய விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்றாலும், அறிவியல் பாடம் நடத்திய இருவர், அறிவியல் அல்லாத பாடம் நடத்திய ஒருவர் என மூன்று பேராசிரியர்களின் கடிதங்களைக் கேட்பது பரவலான வழக்கம். ஆய்வுக்கூடத்தில் மேற்பார்வையிட்டவர், மருத்துவமனையிலோ தொண்டு அமைப்பிலோ உடன் பணியாற்றியவர் ஆகியோரின் கடிதங்களை அவற்றுக்கு மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தைப் படிக்கும் சேர்க்கைக் குழுவினர் அதில் எதைத் தேடுகிறார்கள் என்பது விளங்கினால், மற்றவை தாமாகவே விளங்கும். மகன் அந்தப் பாடத்தில் ‘ஏ’ வாங்கியது அவர்கள் கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. அதையே பேராசிரியரும் திருப்பி எழுதினால் அந்தக் கடிதத்தால் யாருக்கும் பயனில்லை. கடிதம் எழுதுவோருக்காக ஏ.ஏ.எம்.சி. வெளியிட்டுள்ள வழிகாட்டுதல், மாணவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்பதைச் சொல்லுங்கள், நேரில் கண்டதை எழுதுங்கள், மற்ற மாணவர்களோடு ஒப்பிடுவதாக இருந்தால் யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள், நீளத்தைவிடத் தரமே முக்கியம் என்றெல்லாம் கேட்டுக்கொள்கிறது. பாடத்தின் அருமை பெருமைகளையும் ஆய்வுக்கூடத்தின் சிறப்பையும் விவரிக்காமல் மாணவரைப் பற்றி எழுதும்படியும் அது சொல்கிறது; பேராசிரியர்கள் சிலருக்கு இதுதான் மிகவும் சிரமமான விதி என்பதை ஆசிரியப் பணியில் காலம் கழித்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

நேரில் கண்டது என்றால் எப்படிப்பட்டது? நான் உயிர்வேதியியல் ஆய்வுக்கூட வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் கண்டறியும் சோதனையைச் செய்தார். வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைய, ஒன்று மட்டும் விலகி நின்றது. அந்தப் புள்ளியை அடித்துவிட்டுக் கோடு வரைந்து அறிக்கையைக் கொடுத்திருந்தாலும் முழு மதிப்பெண்ணுக்குக் குறை வந்திருக்காது. அவர் மறுநாள் அனுமதி கேட்டு வந்து, அந்த ஒரு கரைசலை மட்டும் புதிதாகத் தயாரித்து அளந்து, முதல் நாள் பிப்பெட்டில் தவறான அளவை எடுத்தது தானே என்பதை அறிக்கையில் எழுதியிருந்தார். பின்னர் அவருக்கு எழுதிய கடிதத்தில் நேர்மை, பொறுப்புணர்வு போன்ற சொற்கள் எவற்றையும் நான் பயன்படுத்தவில்லை. நடந்ததை நான்கு வரிகளில் எழுதினேன். உங்கள் மகனைப் பற்றி அப்படி நான்கு வரி எழுதக்கூடிய ஆசிரியர்கள் இருவரோ மூவரோ உருவாக வேண்டும்.

முந்நூறு பேர் வகுப்பில் அது எப்படி முடியும் என்றால், பேராசிரியர் வாரந்தோறும் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஒதுக்கி வைக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸ் நேரத்தில்தான் முடியும். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர், பாடம் புரியாவிட்டால் மட்டுமே அங்கே போக வேண்டும், புரிந்தவன் போனால் அது ஆசிரியரைத் தொந்தரவு செய்வது என்று நினைக்கிறார்கள். ஆசிரியர் கூப்பிட்டால் தவிர அவர் அறைப் பக்கம் போகக்கூடாது என்று நாமும்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம். தேர்வுக் காலம் நீங்கலாகப் பெரும்பாலான வாரங்களில் அந்த அறை காலியாகவே இருக்கும். தேர்வில் தவறிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போய், மதிப்பெண்ணுக்காக வாதாடாமல், தன் சிந்தனை எந்த இடத்தில் பிசகியது என்று கேட்கலாம்; வகுப்பில் சொன்ன ஒரு விஷயத்தைத் தொடர்ந்து படித்துவிட்டு அதில் எழுந்த சந்தேகத்தைக் கேட்கலாம். பருவத்தில் ஐந்தாறு முறை உண்மையான கேள்வியோடு வரும் மாணவரை எந்தப் பேராசிரியரும் மறப்பதில்லை. கடிதத்துக்கு அடித்தளம் போடுவதற்காகவே வருபவரையும் அவர்கள் மறப்பதில்லை என்பதால், சம்பிரதாயத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆண்டில் முப்பது பேர் படிக்கும் மேல்நிலைப் பாடங்கள் வரும். அவற்றில் ஒன்றையாவது, ஏற்கெனவே ஒரு பாடம் படித்த பேராசிரியரிடமே எடுப்பது நல்லது. ஆய்வுக்கூட வகுப்பிலோ டியூட்டோரியல் வகுப்பிலோ நெருங்கிப் பழகியவர் உதவி ஆசிரியராகப் பணியாற்றும் முனைவர் பட்ட மாணவர் என்றால், அவர் எழுதி, பாடத்துக்குப் பொறுப்பான பேராசிரியரும் சேர்ந்து கையொப்பமிடும் கடிதத்தைப் பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. உதவி ஆசிரியர் மட்டும் கையொப்பமிட்ட கடிதம் பேராசிரியர் கடிதமாகக் கருதப்படாமல் போகலாம். அறிவியல் அல்லாத பாடத்தைக் கடைசி வரை தள்ளிப்போடும் பிள்ளைகள் அதிகம். பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து விவாதிக்கும் தத்துவ வகுப்பிலோ வரலாற்று வகுப்பிலோ கிடைக்கும் கடிதம், சில சமயங்களில் அந்த மாணவரின் கோப்பில் உள்ளவற்றிலேயே சிறந்ததாக அமைந்துவிடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியும் அனுப்ப வேண்டாம். ஃபெர்பா எனப்படும் 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை அந்த மாணவருக்கே உரியது. உங்களோடு மகனின் படிப்பைப் பற்றிப் பேசப் பேராசிரியர் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். மேலும், தாய் எழுதிய மின்னஞ்சலைப் பார்த்த பிறகு இந்த மாணவர் தன் காலில் நிற்பவர் என்று எழுத அவருக்குக் கை வராது.

கேள்வி: எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் இந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற இதய நோய் நிபுணர்; பெரிய மருத்துவமனையில் துறைத் தலைவர். என் மகளைக் குழந்தையிலிருந்தே அறிந்த அவர், தானே கடிதம் தருவதாகச் சொல்கிறார். மகளோ அவரை விட்டுவிட்டு, கல்லூரியில் வேதியியல் நடத்தும் இளம் விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்கப் போவதாகச் சொல்கிறாள். யார் சொல்வது சரி? (ஒரு தந்தை, நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: மகள் சொல்வதுதான் சரி.

குடும்ப நண்பரின் கடிதத்தில் இருக்கப்போவது, நல்ல குடும்பத்துப் பெண், சிறு வயதிலிருந்தே கெட்டிக்காரி, பெரியவர்களிடம் மரியாதையாக நடப்பாள் என்ற செய்திகள்தாம். பதவியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு வெறுமையாக உள்ளடக்கம் தெரியும். இவர் எப்படி இந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவரானார் என்ற கேள்விக்கும் சேர்க்கைக் குழு தானே விடை கண்டுகொள்ளும். மேலும் அவருடைய கடிதம் பேராசிரியர் கடிதம் என்ற கணக்கில் வராது. மகள் அவரோடு சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்து, நோயாளிகளை அவர் பார்ப்பதை உடனிருந்து கவனித்திருந்தால், அதைப் பற்றி மட்டும் கூடுதல் கடிதமாக எழுதலாம். எம்.டி.க்கு நிகரான டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால், அவற்றில் சில, மருத்துவர் ஒருவரின் கடிதத்தை, முடிந்தால் டி.ஓ. மருத்துவரின் கடிதத்தை எதிர்பார்க்கின்றன. அங்கே வேறொரு மருத்துவரைத் தேடுங்கள், குடும்ப நண்பரை அல்ல.

ஆம்காஸ் முறையில் ஒரு விண்ணப்பத்துக்குப் பத்துக் கடிதங்கள் வரை சேர்க்க இடமுண்டு என்று அறிந்து, பத்தையும் நிரப்ப நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நல்ல கடிதங்கள் நான்கைந்தின் நடுவே வைக்கப்படும் வெறும் கடிதம் ஒன்று, மற்றவற்றையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பேராசிரியரிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது, கேட்கும்போது என்னவெல்லாம் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. மறுத்துவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. (ஹூஸ்டன், டெக்சாஸ்)

பதில்: பாடம் முடிந்த பருவத்திலேயே, உங்களைப் பற்றிய நினைவு அவருக்குப் பசுமையாக இருக்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம். அது முடியவில்லை என்றால், விண்ணப்பிக்கப் போகும் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரிக்குள் கேளுங்கள். ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது, மே மாத இறுதியை ஒட்டிச் சமர்ப்பிக்கத் தொடங்கலாம், ஜூன் மாத இறுதியில் கல்லூரிகளுக்குச் செல்லத் தொடங்கும். மே மாதம் பேராசிரியர்களுக்குத் தேர்வுத் தாள் திருத்தும் மாதம், அதற்கடுத்து அவர்கள் ஊரிலேயே இல்லாத மாதங்கள். ஆகவே ஏப்ரலில் போய் அவசரமாகக் கேட்பவர்களுக்கு அவசரமான கடிதமே கிடைக்கும்.

சந்திக்க நேரம் கேட்டு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நேரில் போய்க் கேளுங்கள். கேட்கும் வாக்கியம் முக்கியம். “எனக்குக் கடிதம் தருவீர்களா?” என்று கேட்டால், இல்லை என்று சொல்ல மனமில்லாமல் சரி என்பவர்கள் உண்டு. “மருத்துவக் கல்லூரிக்கு எனக்காக ஒரு வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என் வேலையை நீங்கள் பார்த்திருப்பதாக நினைக்கிறீர்களா?” என்று கேட்டால், முகம் கோணாமல் மறுப்பதற்கு அவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். அவர் தயங்கினாலோ, நேரமில்லை என்றாலோ, வேறு யாராவது உங்களை நன்றாக அறிந்தவர் இருப்பாரே என்று சொன்னாலோ, மனமார நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். அந்த மறுப்பு உங்களுக்குச் செய்த உதவி. அரை மனதோடு எழுதப்பட்ட ஒரு கடிதம் உங்கள் கண்ணில் படாமலே உங்கள் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் ஒப்புக்கொண்டால், அடுத்த ஓரிரு நாளில் ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல், ஏன் மருத்துவம் என்பதை விளக்கும் உங்கள் தன்கட்டுரையின் வரைவு, கடிதத்தைப் பதிவேற்றுவதற்கு ஆம்காஸ் தரும் கோரிக்கைப் படிவம், கடைசித் தேதி. படிவத்தில் உள்ள கடித எண் தவறாகிவிட்டால் கடிதம் உங்கள் விண்ணப்பத்தில் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால், அதை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். இவற்றைவிடப் பயனுள்ள ஒன்றைப் பெரும்பாலோர் கொடுப்பதில்லை. அவர் வகுப்பில் நீங்கள் செய்தவற்றை, நடந்தது நடந்தபடி, அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் தேர்வில் 61 வாங்கிவிட்டு அதன்பின் எப்படிப் படிப்பு முறையை மாற்றினீர்கள், வினைவழிமுறைகளை விளக்க ஞாயிறு மாலைகளில் எந்தக் குழுவைக் கூட்டினீர்கள், எந்தச் சந்தேகத்தோடு அவர் அறைக்கு வந்தீர்கள் என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். “நான் கடின உழைப்பாளி” என்று எழுதாதீர்கள். அந்த முடிவுக்கு வருவது அவருடைய வேலை.

நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் இன்னொரு விஷயம். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடம் தரக்கூடாது என்பது மாநிலச் சட்டம். ஆகவே டெக்சாஸ்வாசியான உங்களுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற மாநில விண்ணப்பமே முதன்மையானது. அதற்கு மூன்று தனிக் கடிதங்களோ, கல்லூரியின் ஆலோசனைக் குழு சேர்த்து அனுப்பும் ஒரு தொகுப்போ வேண்டும், விரும்பினால் மேலும் ஒன்றைச் சேர்க்கலாம். ஆம்காஸுக்கு வந்த கடிதம் தானாக அங்கே போகாது, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவேற்ற வேண்டும். பேராசிரியரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டாம் முறை போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. கடிதம் எந்த ஒரு கல்லூரியின் பெயரையும் குறிப்பிடாமல், சேர்க்கைக் குழுவுக்கு என்று பொதுவாக, பல்கலைக்கழக முகவரித்தாளில், தேதியோடும் கையொப்பத்தோடும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மருத்துவ விண்ணப்ப ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் நேர்காணல் நடத்தி ஒரே கடிதமாகத் தருவார்களாம். அதற்கு ஜனவரியிலேயே படிவங்கள் கேட்கிறார்கள். இதை விட்டுவிட்டு நேரடியாகப் பேராசிரியர் கடிதங்களையே அனுப்பினால் என்ன? (பாஸ்டன், மாசசூசெட்ஸ்)

பதில்: உங்கள் கல்லூரியில் அந்த வசதி இருக்கும்போது அதைத் தவிர்த்தால், ஏன் தவிர்த்தீர்கள் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கக்கூடும், சில கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே அதற்கு விளக்கம் கேட்கின்றன. பேராசிரியர்களின் கடிதங்கள் குழுவுக்குப் போகும், குழு அவற்றைப் படித்து, உங்களை நேர்கண்டு, தன் மதிப்பீட்டை எழுதி, தனிக் கடிதங்களையும் இணைத்து அனுப்பும். எத்தனை கடிதங்கள் உள்ளே இருந்தாலும் ஆம்காஸ் அதை ஒன்றாகவே எண்ணும். ஆகவே ஜனவரிப் படிவங்களை நிரப்பிவிடுங்கள். மதிப்பெண் சற்றுக் குறைந்த மாணவர்களுக்குச் சில குழுக்கள் கடிதம் தரத் தயங்குகின்றன என்பதும், தங்கள் கல்லூரியின் சேர்க்கை விகிதம் அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கலாம் என்பதும் மாணவர்களிடையே நெடுநாளாக இருக்கும் குறை. எனக்கும் அது நியாயமான குறையாகவே படுகிறது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால், தனிக் கடிதங்களோடு விண்ணப்பிக்கத் தடையில்லை, விளக்கத்தை மட்டும் புகாராக இல்லாமல் இரண்டு வரியில் எழுதுங்கள்.

கேள்வி: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. என்னைப் பற்றி எழுதியதை நான் பார்க்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்? (அட்லாண்டா, ஜார்ஜியா)

பதில்: முன்னர் சொன்ன ஃபெர்பா சட்டம் மாணவர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது, அதை விட்டுக்கொடுக்கும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் விட்டுக்கொடுத்துவிடுங்கள். மாணவர் படிப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைச் சேர்க்கைக் குழு முழுதாக நம்புவதில்லை, சில பேராசிரியர்கள் எழுதவே முன்வருவதில்லை. ஒருவர் என்ன எழுதுவாரோ என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அவரிடம் கேட்காமல் இருப்பதே அதற்கு மருந்து.

கேள்வி: நான் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை எழுதி, அங்கே ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் திட்டம். எங்கள் யூனிட் சீஃபிடம் கடிதம் கேட்டேன். “நீயே எழுதிக்கொண்டு வா தம்பி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்கிறார். எழுதலாமா? (மதுரை)

பதில்: இது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு அடுத்த படி என்றாலும், கடிதத்தின் சிக்கல் ஒன்றேதான் என்பதால் இங்கேயே பதில் சொல்கிறேன். எழுத வேண்டாம். அவர் சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நம் ஊர் நடைமுறை அது; ஓ.பி.யில் இருநூறு பேர் காத்திருக்கும்போது ஒரு ஹவுஸ் சர்ஜனுக்காக அவர் கணினி முன் உட்கார முடியாது என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் எழுதும் கடிதத்தில் உங்களுடைய ஆங்கிலமும், உங்களுடைய தன்கட்டுரையில் உள்ள அதே சொற்களும் வந்து விழும். அதே யூனிட்டிலிருந்து முந்தைய ஆண்டு சென்றவரின் கடிதத்தை மாதிரியாக வைத்து எழுதினால் இன்னும் மோசம். இரண்டையும் படிப்பவர் ஒரே ஆளாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எழுதியதாக அனுப்பப்படும் கடிதத்தை அவர்தான் எழுதியிருக்க வேண்டும். பின்னாளில் கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் நிலைக்கு அவரையும் நீங்கள் தள்ளக்கூடாது.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. “சார், கடிதம் நீங்கள் சொன்னால்தான் சரியாக வரும், நினைவுக்காகக் குறிப்பு மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்” என்று சொல்லி, அவர் யூனிட்டில் நீங்கள் பார்த்த நோயாளிகளில் மூவரைப் பற்றி, பெயரோ அடையாளமோ இல்லாமல், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரவு டூட்டியில் மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு என்ன சந்தேகப்பட்டீர்கள், காலை ரவுண்ட்ஸில் அதை எப்படி எடுத்துச் சொன்னீர்கள், அவர் எதைத் திருத்தினார் என்பது போன்ற விவரங்கள் போதும். பத்து நிமிடம் அவர் வாயால் சொல்லச் சொல்ல, யூனிட்டில் உள்ள உதவிப் பேராசிரியர் ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்தாலும் அது அவருடைய கடிதமே.

நடைமுறை விவரங்கள்: பெரும்பாலான துறைகளுக்கு விண்ணப்பம் இராஸ் என்ற முறையில் போகும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்புதான் ஆவணங்களைக் கையாளுகிறது. ஒரு ரெசிடென்சி திட்டத்துக்கு நான்கு கடிதங்கள் வரை ஒதுக்கலாம். கடிதத்தை எழுதியவரோ அவர் சார்பில் பணியாளரோ இணையத்தில் பதிவேற்ற வேண்டும். உங்கள் கையில் வாங்கி நீங்களே ஏற்ற முடியாது. டீன் அலுவலகத்திலிருந்து போகும் மாணவர் செயல்திறன் அறிக்கை இதிலிருந்து வேறானது, அதைக் கேட்டு அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். நான்கில் குறைந்தது இரண்டு கடிதங்கள், நீங்கள் விண்ணப்பிக்கும் துறையில், அமெரிக்க மருத்துவமனையில் உங்களை நேரில் பார்த்த மருத்துவர்களிடமிருந்து வருவது நல்லது. எம்.பி.பி.எஸ். முடிப்பதற்கு முன் எலெக்டிவ் எனும் குறுகிய காலப் பயிற்சிக்கு அங்கே மாணவராகப் போனவர் நோயாளிகளைத் தொட்டுப் பரிசோதிக்க முடியும். பட்டம் பெற்ற பிறகு பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான் கிடைக்கும், அதில் தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும், அதற்கேற்ப கடிதமும் மெலிதாகவே இருக்கும். செப்டம்பர் இறுதியில் திட்டங்கள் கோப்புகளைப் படிக்கத் தொடங்கும் முன் எல்லாக் கடிதங்களும் சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் இங்கே பி.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். நீட் தேர்வில் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எம்.டி. சேர முடியும் என்று கேள்விப்பட்டோம். அவளுடைய பேராசிரியைகள் மூவரும் மிக நல்ல கடிதம் தரத் தயாராக இருக்கிறார்கள். (திருச்சி)

பதில்: பேராசிரியைகளின் அன்பைப் போற்றுகிறேன், ஆனால் இங்கே தடையாக இருப்பது கடிதம் அல்ல. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தை அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பல ஏற்பதே இல்லை. ஏற்கும் சிலவும், ஓராண்டுக்குக் குறையாமல் அமெரிக்காவிலோ கனடாவிலோ கல்லூரிப் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. முழுப் பட்டத்தையும் அங்கேயே பெற்றிருக்க வேண்டும் என்பவையும் உண்டு. கூட்டாட்சி அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது என்பதால், ஓராண்டுக்கோ அதற்கு மேலோ உரிய கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கட்டச் சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன. கடிதத்தை மட்டும் வைத்து இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் பணம் கட்டாதீர்கள். மகளுக்கு அறிவியலில் நாட்டம் இருக்குமானால், அதே மூன்று கடிதங்களும் எம்.எஸ்சி., முனைவர் பட்டப் படிப்புகளுக்கு இந்தியாவிலும் வெளிநாட்டிலும் நன்றாகவே பயன்படும்.

கேள்வி: விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். ஜூலை பாதி ஆகியும் ஒரு பேராசிரியரின் கடிதம் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டிவிட்டேன். இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் இதே கடிதங்களை அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள். (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

பதில்: கடிதங்கள் வராவிட்டாலும் ஆம்காஸ் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கல்லூரிகளுக்கு அனுப்பிவிடும், கடிதத்துக்காக அந்த வேலை நிற்பதில்லை. ஆனால் கேட்ட கடிதங்கள் எல்லாம் வந்து சேரும் வரை பல கல்லூரிகள் கோப்பை முழுமையானதாகக் கருதிப் படிக்கத் தொடங்குவதில்லை, இடங்களோ வரிசையாக நிரம்பிக்கொண்டே போகும். மூன்றாவது நினைவூட்டலைத் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேராசிரியர் வெளியூரில் இருக்கிறாரா என்பது அங்கே தெரியும், பல நேரங்களில் எழுதி முடித்த கடிதம் பதிவேற்றப்படாமல் அலுவலகத்திலேயே கிடக்கும். அதற்கும் பத்து நாளில் விடை வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். மாற்றாக ஒருவரை உடனே கேளுங்கள், முதலாமவரிடம் அதை மனத்தாங்கல் இல்லாமல் தெரிவித்துவிடுங்கள். தாமதமாக வந்தாலும் அவர் கடிதத்தைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு.

அடுத்த ஆண்டைப் பொறுத்தவரை, ஆம்காஸ் முந்தைய ஆண்டின் கடிதங்களை வைத்துக்கொள்வதில்லை, புதிதாக அனுப்ப வேண்டும். இன்டர்ஃபோலியோ போன்ற சேமிப்புச் சேவையில் பேராசிரியர்களை இப்போதே ஒரு பிரதி பதிவேற்றச் சொல்லிவிட்டால், நீங்கள் பார்க்க முடியாதபடி அது அங்கே பத்திரமாக இருக்கும், வேண்டும்போது அனுப்பலாம். படிப்பு முடித்து ஓரிரு ஆண்டு வேலை செய்துவிட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்களும் கல்லூரியை விட்டு வெளியேறும் முன் இப்படிச் செய்துகொள்வது நல்லது. ஆனால் மறுபடி விண்ணப்பிக்கும்போது பழைய தேதியிட்ட கடிதத்தையே அனுப்பினால், இடையில் நீங்கள் செய்த எதுவும் அதில் இருக்காது. அதே பேராசிரியரிடம் போய், இந்த ஓராண்டில் என்ன செய்தீர்கள் என்று சொல்லி, ஒரு பத்தியையும் தேதியையும் புதுப்பித்துத் தரக் கேளுங்கள். எழுதிய கடிதம் அவரிடம் இருப்பதால் இது அவருக்கு அரை மணி நேர வேலைதான். இந்த ஆண்டின் முடிவு எதுவானாலும் அதை அவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்திருந்தீர்கள் என்றால், அந்த அரை மணி நேரத்தைக் கேட்பது உங்களுக்கும் எளிதாக இருக்கும்.